எஞ்சின் இல்லாத வண்டிக்கு இத்தனை கூச்சலா?

ஒங்க வாத்தியார் சொன்னாவ, இந்தப் பிள்ளைக எல்லாம் பதினொண்ணாம் வகுப்பு இயற்பியலைக் கரைச்சுக் குடிச்சதுகன்னு. ரொம்ப சந்தோசம். குத்தாலத்தை முடிச்சுட்டு அடுத்தாப்புல மெட்ராஸ் போயி ரோலர் கோஸ்டர் ஏறப் போறியளாமே. திருப்போரூர் பக்கம் 2025 டிசம்பர்ல வொண்டர்லா தொறந்தாவள்லா, அங்க 'தஞ்சோரா'ன்னு ஒண்ணு. தண்டவாளம் தலைக்கு மேல, காலு அந்தரத்துல. நல்லாப் போயிட்டு வாங்க. அதுக்கு முன்னால கெழவன் கொஞ்சம் புத்தி சொல்லி அனுப்புதேன். பரீட்சையில மட்டும் இதை எழுதிராதீய, சொந்தமா யோசிச்சதுக்கு மார்க்கைக் கொறைச்சிருவாவ.

வண்டியப் பாத்ததும் "யாத்தே, என்னா எஞ்சின்!"னு வாயப் பொளக்கணும். எஞ்சினே கெடையாதுன்னு எவனாச்சும் சொன்னா காதுல வாங்காதீய, டிக்கெட் காசு வயித்தெரிச்சலாப் போயிரும். நெசத்துல மோட்டார் தரையில கெடக்கு. அது ஒரு சங்கிலியை இழுக்கும். சங்கிலி வண்டியக் கொக்கி போட்டு மொதல் மேட்டு உச்சிக்குக் கொண்டு போயி, "இனி ஒம் பாடு"ன்னு கைகழுவிரும். அதுக்கப்புறம் வார பள்ளம், வளைவு, குட்டிக்கரணம் எல்லாம் அந்த ஒரு ஏத்தத்துல சேத்து வச்ச சொத்தைச் செலவழிக்கதுதான். நடுவுல இன்னொரு சங்கிலி இல்லாத வரைக்கும், மொதல் மேட்டைவிட ஒசந்த மேடு பின்னால வரவே வராது. ஏறும்போது 'கடக் கடக்'னு ஒரு சத்தம் கேக்கும். வண்டி பின்னால உருண்டுராம இருக்க, பல்லுச் சட்டத்துல ஒரு இரும்பு நாக்கு விழுந்து விழுந்து மாட்டுத சத்தம் அது. ஒங்களக் காப்பாத்துத சத்தம். அதைக் கேட்டுத்தான் நம்ம ஆளுக மொத அலறலைப் போடுதாவ.

குத்தாலத்துல சங்கிலி இழுக்க வேலை சூரியனுக்கு. அரபிக் கடல் தண்ணிய ஆவியாக்கி மேல ஏத்தி விடுதான். தென்மேற்குப் பருவக் காத்து அதைச் சொமந்துட்டு வந்து மலையில மோதுது. கேரளத்துக்காரன் குடிச்ச மிச்சம் ஆரியங்காவு கணவாய் வழியாச் சாரலா நமக்கு வருது, சிற்றாறு பெருகி அருவியா விழுது. ஏத்தி விட்டது ஆரு, எறங்குத தண்ணிக்கு வேகம் எங்கேருந்து வந்துச்சுன்னு எந்தப் பயலும் கேக்கதில்ல. தலைக்கு எண்ணெய் தேச்சுட்டு நேரா உள்ள புகுந்துருதான்.

பேரருவி ஒசரம் சுமார் 60 மீட்டர். ரெண்டு, ஜி, ஹெச், அதுக்கு வர்க்கமூலம், ஒங்க சூத்திரந்தான. போட்டுப் பாருங்க. வினாடிக்கு 34 மீட்டர் வருது, அதாவது மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல. காத்து தடுக்காம, எதுலயும் முட்டாம விழுந்தா அந்த வேகம். அம்புட்டு வேகத்துல தண்ணி மண்டையில எறங்குனா குளியல் ஆகுமா, கருமாதி ஆகுமா? நடுவுல பொங்குமாங்கடல்னு ஒரு பாறைக் குழி கெடக்கு. மேலருந்து வார தண்ணி மொதல்ல அதுல விழுந்து, சுழண்டு, பொங்கி, கோவம் தணிஞ்சு பொறவு கீழ எறங்குது. பெரிய ரோலர் கோஸ்டர்லயும் பாதி வழியில ஒரு பிரேக் வச்சிருப்பாவ. அவிய அதுக்குக் கோடிக்கணக்குல செலவழிச்சாவ. நமக்கு மலை சும்மா குடுத்திருக்கு. நாம அதுக்குப் பதில் மரியாதையா சீயக்காப் பொட்டணத்தையும் சோப்பு உறையையும் குடுக்கோம்.

இதுல ஒரு எடம் மட்டும் விளையாட்டு இல்ல. அருவியோட ஒசரம் என்னிக்கும் மாறாது, தண்ணியோட அளவு மாறும். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுத மழை, இங்க வெயில் அடிக்கும்போதே வந்து எறங்கும். 2024 மே மாசம் பழைய குத்தாலத்துல அப்படித்தான் கண் மூடித் தொறக்கதுக்குள்ள வெள்ளம் வந்துச்சு, படிக்கிற வயசுப் பையன் ஒருத்தனைக் கொண்டு போயிருச்சு. போலீஸ்காரர் விசிலடிச்சா 'எம்', அதான் தண்ணியோட நிறை, கூடிருச்சுன்னு அர்த்தம். வாக்குவாதம் பண்ணாம வெளிய வந்துருங்க.

சரி, விழுந்த தண்ணியோட சொத்து எங்க போச்சு? ஜேம்ஸ் ஜூல்னு இங்கிலாந்துல ஒருத்தன், பீர் காய்ச்சுத வீட்டுப் பிள்ளை. 1845-ல ஒரு கடுதாசியில எழுதுனான்: நயாகரா அருவியில 160 அடி விழுத தண்ணி, கீழ வரும்போது ஃபாரன்ஹீட்ல அஞ்சுல ஒரு பங்கு டிகிரி சூடா இருக்கும்னு. ஊரு சிரிச்சிருக்கும். ஆனா கணக்கு தப்பில்ல. நம்ம பேரருவிக்கு அதே கணக்கைப் போட்டா 0.14 டிகிரி செல்சியஸ் வருது. ஆக, கீழ நின்னு பல்லு கிட்டிக்கிட்டு நடுங்குதவன் வெந்நீர்லதான் குளிக்கான்! தண்ணி திவலையாத் தெறிச்சு ஆவியாகும்போது குளுந்துருது, அதனால ஒங்களுக்குத் தெரியல. ரோலர் கோஸ்டருக்கும் கடைசிக் கதி இதேதான். மேட்டுல வாங்குன ஆற்றல் பூராவும் சக்கரத்துலயும் காத்துலயும் பிரேக்குலயும் சூடாக் கரைஞ்சிருது.

குண்டா இருக்க கூட்டாளியப் பாத்து "நீ ஏறாத, வண்டி பிச்சிக்கிட்டு ஓடும்"னு கிண்டல் பண்ணுவீய. தாராளமாப் பண்ணுங்க, ஒங்க பாடப் புத்தகம் ஒங்களத்தான் பாத்துச் சிரிக்கும். ஆற்றல் சமன்பாட்டுல ரெண்டு பக்கமும் நிறை அடிபட்டுப் போவுது, குண்டனுக்கும் ஒல்லிக்கும் ஒரே வேகம். ஆனா ஒங்க புத்தகத்துலயும் ஒரு ஓட்டை இருக்கு. காத்தும் உராய்வும் நெசத்துல இருக்கதால, ஆள் நெறஞ்ச வண்டி காலி வண்டியவிடக் கொஞ்சம் வேகமாத்தான் ஓடும். அதே மாதிரி காலையில சக்கரத்து கிரீஸ் கெட்டியா இருக்கும்போது மந்தமா ஓடுத வண்டி, மத்தியான வெயில்ல சுறுசுறுப்பாயிரும். இந்த விசயத்துல அது நம்ம ஆளுகளுக்கு நேர் எதிர்.

எந்த சீட்டுல உக்காரதுன்னு அடிச்சுக்குவீய. வீரன் முன் சீட்டுக்கு ஓடுவான். ஓடட்டும். வண்டி மொத்தமும் ஒரே கோர்வை, ஒரு நேரத்துல எல்லாப் பெட்டிக்கும் ஒரே வேகந்தான். மொதல் பெட்டி உச்சியத் தாண்டும்போது பின்னால இருக்க பெட்டிக இன்னும் ஏறிக்கிட்டே இருக்கும், அதனால வண்டி ஊர்ந்து போவும். முன்னால உக்காந்தவன் பள்ளத்தை எட்டிப் பாத்துட்டு அப்படியே தொங்குவான். கடைசிப் பெட்டி உச்சிக்கு வாரப்ப முன் பாதி பூராவும் சரிவுல பாய்ஞ்சுக்கிட்டு இருக்கும். அதனால பின்னால உக்காந்தவனை உச்சியிலயே விசுக்குன்னு இழுத்து எறியும், குண்டி சீட்டை விட்டு எந்திரிச்சிரும். பயந்தாங்கொள்ளின்னு பேர் வாங்கிப் பின் சீட்டுக்குப் போனவன் கூலிக்கு மேலயே அனுபவிச்சிருவான்.

அந்த நேரத்துல வயிறு மேல வந்து தொண்டையில நிக்கும்லா? "புவியீர்ப்பு போயிருச்சு"ன்னு ஒருத்தன் கத்துவான். எங்கயும் போவல, அது பாட்டுக்கு இழுத்துக்கிட்டுதான் இருக்கு. நம்ம எடைன்னு நாம நெனச்சுக்கிட்டு இருக்கது சீட்டு நம்மளக் கீழருந்து தாங்குத தாங்கல்தான். சீட்டு வெலகிருச்சு, தாங்கல் நின்னுருச்சு, அம்புட்டுதான் சங்கதி. பள்ளத்துல அதே சீட்டு ரெண்டு பங்கு, மூணு பங்கா அமுக்கும்போது ஒருத்தனும் கத்த மாட்டான். கத்த மூச்சு இருக்காது.

குட்டிக்கரண வளையம் ஏன் முழு வட்டமா இல்லாம மழைத்துளி மாதிரி மேல சுருங்கிக் கெடக்குன்னு கேட்டுப் பாருங்க, வாத்தியாரு அழகுக்குன்னுவாரு. 1895-ல நியூயார்க் கோனி தீவுல சுத்த வட்டமாவே ஒண்ணு கட்டுனாவ. மட்ட தண்டவாளத்துல வேகமா வார வண்டி, சட்டுனு அந்தச் சின்ன வட்டத்துக்குள்ள நுழைஞ்சதும் கழுத்து ஒடியுத மாதிரி அமுக்கம். ஏறுனவனைவிட வேடிக்கை பாத்தவனுக்குத்தான் சந்தோசம். வட்டத்துக்கு ஆரம் 'ஆர்'னா, ரெண்டரை ஆர் ஒசரத்துலருந்து விட்டாத்தான் உச்சியில கீழ விழாமத் தாண்டும். உராய்வே இல்லன்னாலும் அடிவாரத்துல ஒங்க எடை ஆறு மடங்கா இருக்கும். 1976-ல வெர்னர் ஷ்டெங்கல்னு ஒரு ஜெர்மன் எஞ்சினியர், கலிபோர்னியாவுல கட்டுன ஒரு வண்டிக்கு வளையத்தை அடியில அகலமாவும் மேல குறுகலாவும் வளைச்சாரு. அடியில அமுக்கம் கொறைஞ்சிருச்சு, உச்சியில பிடிமானம் நின்னுருச்சு. அன்னிலேருந்து ஊர் உலகத்துல அதான் அச்சு.

சங்கிலி போடாம ஒரே உந்துல ஏத்துத வகையும் உண்டு. அமெரிக்காவுல நியூஜெர்சியில 2005-ல 'கிங்டா கா'ன்னு ஒண்ணு வந்துச்சு, 139 மீட்டர் ஒசரம். அந்த ஒசரத்துக்கு ஏற மணிக்கு 188 கிலோமீட்டர் வேகம் போதும்னு சூத்திரம் சொல்லுது, அவிய 206-ல உந்தி விட்டாவ. மிச்சம் 18-ம் காத்துக்கும் உராய்வுக்கும் எழுதுன மொய். சில நாள் மொய் பத்தாமப் போயி, வண்டி உச்சி வரைக்கும் வந்து யோசிச்சுட்டு, வந்த வழியே பின்னால எறங்கிரும். அதுக்கும் பிரேக் வச்சிருந்தாவ. 2025-ல அந்தக் கோபுரத்தையே இடிச்சுட்டாவ.

பிரேக்குன்னதும் ஞாபகம் வருது. செங்கோட்டையிலருந்து புனலூருக்கு 1904-லேருந்து மலை ரயில் ஓடுதே, ஒரு துண்டுப் பாதைக்குள்ள ஒரு வண்டி இருந்தா அடுத்ததுக்குச் சிக்னல் விழாது. ரோலர் கோஸ்டர்லயும் அதே சட்டந்தான், அதுக்குத்தான் அந்தப் பாதி வழி பிரேக். இப்ப வார வண்டிகள்ல நெறையக் காந்த பிரேக். காந்தத்துக்கு ஊடால உலோகத் தகடு ஓடும்போதே தகட்டுல மின்னோட்டம் தானாச் சுழண்டு வண்டியப் பிடிச்சுரும், தொட்டுத் தேய்க்கவே வேண்டாம். கரண்ட்டு போனாலும் பிடிக்கும். மின்வாரியத்தை நெனச்சுக் கும்பிட வேண்டியதில்ல.

இப்பப் பசிக்கும், பிரானூர் பார்டருக்கு ஓடுவீய. புரோட்டாவப் பிச்சுப் போட்டுச் சால்னாவ ஊத்தும்போது ஒருத்தன் "மலை ஏறிக் கரைச்சுருவேன்"னு சொல்லுவான். 50 கிலோ பிள்ளை பேரருவி ஒசரம் ஏறுனா 29,400 ஜூல், அதாவது வெறும் ஏழு கிலோகலோரி. உடம்பு நாலுல ஒரு பங்கைத்தான் வேலையா மாத்தும்னு சேத்துக்கிட்டாலும் முப்பதைத் தாண்டாது. ஒரு புரோட்டா எரநூறுக்குக் கொறையாது. கணக்கை பஸ்ஸுலயே போட்டு முடிங்க. வாத்தியாருக்குத் தனியாப் போடுங்க, அவரு நாலு சொல்லியிருக்காரு.