ஹெரால்டுக்கு எண்ணெய்க் குளியல்

கேள்வி: அப்பா விட்டுப்போன ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னிடம் இருக்கிறது. முன்சக்கர டிரன்னியனுக்கு கிரீஸ் அடிக்கவேண்டும் என்கிறார் மெக்கானிக். அந்த இடுக்கில் கை எட்டுமா?
– வாசகர், சேலம்

பதில்: கை எட்டும், கிரீஸ்தான் ஆகாது. 1959-ல் இங்கிலாந்தில் டிரயம்ப் ஹெரால்டாக அறிமுகமாகி, 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி இது. பானெட்டும் மட்கார்டுகளும் ஒன்றாக முன்னால் சாய்ந்து வழிவிடும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்!

சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் மரை, டிரன்னியனுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அது சுழலும். தயாரிப்பாளர் அதற்குச் சொன்னது 90 நம்பர் ஹைப்பாய்டு கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் நாளடைவில் இறுகி வழியை அடைக்கும். தண்ணீர் புகுந்து மரை துருவேறும். ஒருநாள் தண்டு முறியும். பிறகு நீங்கள் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம்.

வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரங்களைத் தொங்கவிடுங்கள். டிரன்னியனின் பிளக்கைக் கழற்றி நிப்பிள் மாட்டுங்கள். கிரீஸ் கன்னில் ஆயிலை நிரப்பி, ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பியபடி, மேலே ஆயில் கசியும்வரை அடியுங்கள். பிறகு பிளக்கை மறுபடி மாட்டிவிடுங்கள். கன் ஒழுகும், கீழே பழைய பேப்பர் விரியுங்கள், தயவுசெய்து இந்தப் பத்திரிகை வேண்டாம்.

கிரீஸ் கன்னில் ஆயிலா என்று மெக்கானிக் சிரிப்பார். சிரிக்கட்டும். தண்டு முறிந்தால் ஸ்பேருக்கு அலையப்போவது அவரல்லவே!