வெள்ளிடை மன்றத்துப் பை: புகார் நகரச் சிக்கனச் சுற்றுலா பற்றிய ஒரு முன்னோடி ஆய்வு

பூம்புகார் கடலுக்குள் எத்தனை மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது, சிலப்பதிகாரம் இரண்டாம் நூற்றாண்டா எட்டாம் நூற்றாண்டா, மருவூர்ப்பாக்கம் எங்கே முடிந்து பட்டினப்பாக்கம் எங்கே தொடங்கியது என்றெல்லாம் அறிஞர்கள் மல்லுக்கட்டி எழுதியவற்றை அடுக்கினால் காவிரியின் முகத்துவாரத்தையே அடைத்துவிடலாம். (பல மாதங்களில் வருகிற தண்ணீரைப் பார்த்தால் அடைக்கவே தேவையில்லை.) ஆனால் சட்டைப்பையில் கொஞ்சம் பணமும் முதுகில் ஒரு பையுமாக அந்த ஊருக்குப் போகிறவன், கடலில் இறங்கும்போது பையை எங்கே வைப்பான் என்ற கேள்வியை எந்த அறிஞரும் தொடவில்லை. அந்த ஆய்வு வெற்றிடத்தை நிரப்பவே இக்கட்டுரை எழுந்தது. வெற்றிடம் இருந்தால்தான் ஆய்வு. இல்லையென்றால் முதல் இயலில் ஒன்றைத் தோண்டிக்கொள்ள வேண்டும் என்பது பல்கலைக்கழக மரபு.

முதலில் ஒரு தடை. முதுகுப்பைப் பயணம் என்றால் வெப்பமண்டலத் தீவு, தென்னை, வலை ஊஞ்சல் என்று இலக்கணம் வகுத்துவிட்டார்கள் வெளிநாட்டார். பூம்புகாரில் வெப்பத்துக்குக் குறைவில்லை. ஐயமுள்ளவர்கள் சித்திரை நண்பகலில் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நிற்கலாம். தென்னையும் உண்டு. தீவுதான் இல்லை என்பர். கிழக்கே கடல், இன்னொரு பக்கம் காவிரி, ஐப்பசி கார்த்திகையில் எஞ்சிய பக்கங்களில் சம்பா வயலில் முழங்கால் தண்ணீர். ஆக, வடகிழக்குப் பருவமழை பொய்க்காத ஆண்டுகளில் சில வாரங்களுக்கு அது தீவேதான். இதைவிடக் குறைந்த சான்றை வைத்துக்கொண்டு கடலிலிருந்து கண்டத்தையே எழுப்பியவர்கள் நம்மிடையே உண்டு.

அசல் தீவுதான் வேண்டும் என்று அடம்பிடிப்போருக்கு மணிபல்லவம் இருக்கிறது. அதற்குப் போக்குவரத்தைப் பார்க்க வேண்டும்.

பூம்புகார் மயிலாடுதுறையிலிருந்து சுமார் 24 கிலோமீட்டர், சீர்காழியிலிருந்து சுமார் 20. டவுன் பஸ் உண்டு. சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது 2021இல் வந்த ஏற்பாடு என்று அரசாணையைக் காட்டுவார்கள். மேம்போக்கான வாசிப்பு. புகாரின் உவவனத்தில் இருந்த மணிமேகலையை மணிமேகலா தெய்வம் டிக்கெட் கேட்காமல் தூக்கிப்போய், முப்பது யோசனை தெற்கே மணிபல்லவத்தில் இறக்கிவிட்டது. அவளையே சுற்றிவந்த உதயகுமாரனுக்கு அந்த வசதி கிடையாது, அவன் ஆண். இறங்கிய தீவில் அவளுக்கு வற்றாத சோற்றுப் பாத்திரம் கிடைத்தது. திரும்பும்போது மந்திரத்தால் அவளே பறந்து வந்துவிட்டாள். போக, வர, சாப்பாடு மூன்றும் இலவசம். இதை மிஞ்சிய பயணத் திட்டத்தை எந்தச் சுற்றுலா நிறுவனமும் இன்னும் அறிவிக்கவில்லை. (காண்க: சீர்காழி டவுன் பஸ், ஓட்டுநருக்குப் பின் மூன்றாம் இருக்கை, முதுகுப்புறக் கீறல், அம்பு பாய்ந்த இதயத்துக்குக் கீழ்.)

மணிபல்லவம் யாழ்ப்பாணத்து நயினாதீவுதான் என்பது ஒரு கட்சி; இல்லை என்பது மறுகட்சி. ஒரு யோசனைக்கு எத்தனை மைல் என்பதில் தகராறு. அந்தக் கணக்கை நான் நெடுநாள் கூர்ந்து பார்த்து வந்திருக்கிறேன். ஆய்வாளர் எந்தத் தீவில் போய் இறங்க விரும்புகிறாரோ அதற்கேற்ப யோசனை நீளும், சுருங்கும். ரப்பர் மரம் பிற்காலத்தில் வந்தது என்ற தாவரவியல் செய்தியை இந்த இடத்தில் மறுபரிசீலனை செய்யலாம்.

தங்குமிடம்: 1970களில் சங்கு வடிவிலும் சிப்பி வடிவிலும் விடுதிகள் கட்டினார்கள். இவ்வாய்வாளர் பொழுது சாயும் முன்பே பஸ் ஏறிவிட்டார்.

காணத்தக்கவை: எழுநிலை மாடமாக எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் (1973). தொல்லியல் துறை 1960களில் கீழையூரில் தோண்டி எடுத்த செங்கல் படகுத்துறை. அங்கே படகு கட்டிய மரக்கம்பத்தைக் கரிமக் கணக்கில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் வைக்கிறார்கள். பல்லவனீச்சரத்தில் புத்த விகாரையின் அடித்தளம். மூன்றைப் பற்றியும் ஏற்கெனவே நிறைய எழுதியாகிவிட்டது. ஆகவே எழுத ஒன்றுமில்லை.

இனி கட்டுரையின் உயிர்நிலை. பை.

புகாரில் ஐந்து மன்றங்கள் இருந்தன என்று சிலப்பதிகாரம் சொல்லும். இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் குளித்தால் கூனும் செவிடும் தீரும். நெடுங்கல் நின்ற மன்றத்தைச் சுற்றினால் பித்தும் நஞ்சும் இறங்கும். பூதச் சதுக்கத்துப் பூதம் பொய்ச்சாட்சி சொல்பவனைப் பாசத்தால் கட்டித் தின்னும். (இலக்கியக் கருத்தரங்குகளை அங்கே நடத்தாத காரணம் இதுவாகலாம்.) பாவை மன்றத்துப் பாவை, கோல் வளைந்தால் கண்ணீர் விடும். இந்த நான்கும் நமக்கு வேண்டா. ஐந்தாவது, வெள்ளிடை மன்றம். ஊருக்குப் புதியவர்கள் தம் பெயரும் அளவும் குறித்த பொதிகளை, கதவில்லை, பூட்டில்லை, காவலில்லை என்ற நிலையில் அங்கே போட்டுவிட்டுப் போவார்கள். திருட வந்தவன் ஒன்றைத் தூக்கித் தலையில் வைத்தானோ, தீர்ந்தான். கழுத்து ஒடிகிற பாரம். கொண்டுபோக முடியாது. அங்கேயே சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான்.

உரையாசிரியர்கள் இதைக் களவுக்குத் தண்டனை என்று படித்தார்கள். அவர்கள் பை மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்தவர்கள் அல்லர். கழுத்து ஒடியப் பாரம் சுமந்து, இறக்க இடமில்லாமல், ஒன்றும் வாங்காமல், ஓர் ஊரையே சுற்றிச் சுற்றி வருகிறவன் யார்? முதுகுப்பைப் பயணி. ஆகவே உலகின் முதல் முதுகுப்பைப் பயணி வெள்ளிடை மன்றத்துத் திருடன் என்பது துணிபு. பாரம் தலையிலிருந்து முதுகுக்கு இறங்கப் பல நூற்றாண்டுகள் பிடித்திருக்கின்றன; காவியத்தைப் பிற்காலத்தது என்போர் தத்தம் வசதிக்குக் கழித்துக்கொள்க. (இக்கருத்துக்கு ஆதரவு: பூம்புகாரை ஒட்டிய தர்மகுளம், டீக்கடை பெஞ்ச், கிழக்கு முனை, காலை அமர்வு, வாய்மொழி. மறுப்பு: அதே பெஞ்ச், மேற்கு முனை. சமரசம்: மாஸ்டர், இரண்டாம் டீ ஆற்றும்போது. சமரசம் பிற்சேர்க்கை என்பது என் கருத்து.)

மன்றம் இருந்த இடம் எது? தொல்லியல் துறை தோண்டும். தேசியக் கடலியல் நிறுவனம் மூழ்கும். அந்நிறுவனத்தார் கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் அளவில், 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவ அமைப்பு ஒன்றைக் கண்டார்கள். 2001இல் கிரகாம் ஹான்காக் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் அங்கே மூழ்கிப் பார்த்து, அதன் வயதைப் பனியுகத்தின் வால்வரை தள்ளினார். தொல்லியலார் ஒப்பவில்லை. கொஞ்ச நேரம் மூழ்கியவருக்கே அவ்வளவு தெரிந்திருக்கிறது என்றால், மூழ்கவே மூழ்காத எனக்கு எவ்வளவு தெரியும்! மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் வழி. அது பை அடுக்கும் மேடை.

ஆயினும் கரைமேல் சான்று கிடைக்குமா என்று பார்க்க, கழுத்துவலி அளவைமுறை என்ற புதிய முறையியலை உருவாக்கினேன். நிறைபையுடன் ஊரைச் சுற்ற வேண்டும். வலி உச்சத்தைத் தொடும் இடமே மன்றம். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கல்லோடு ஒரு படம் எடுத்து, அதைக் கள ஆய்வு என்று எழுதும் முறையைவிட இது சிறந்தது. குறைந்தது கழுத்தாவது களத்தில் இருக்கிறது. தர்மகுளத்தில் வலி தொடங்கிற்று. கலைக்கூட வாசலில் தோளுக்கு இறங்கிற்று. கடலரிப்புக்குக் கருங்கல் கொட்டிய கரைமேல் உச்சம்.

அங்கே ஒரு மாங்காய்க் கடை. நாலு கால் பலகை, மேலே பழைய தார்ப்பாய், பூப்போலக் கீறி வைத்த கிளிமூக்கு மாங்காய், உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த எவர்சில்வர் கிண்ணம்.

“ஏன் தம்பி இந்த மூட்டைய செமந்துக்கிட்டே திரியிற? பலகைக்கு அடியில போட்டுட்டுப் போயி குளிச்சிட்டு வா.”

“யாரும் எடுத்துற மாட்டாங்களே அக்கா?”

“இதுக்குள்ள அப்புடி என்னா வச்சிருக்க? நான் இங்கனதான இருக்கேன். வந்து மாங்கா வாங்கிக்க.”

குனிந்து பார்த்தேன். பலகைக்கு அடியில் ஏற்கெனவே ஒரு கல்லூரிப் பை, ஒரு ஹெல்மெட், திதி கொடுக்க வந்த யாரோ வைத்துவிட்டுப் போன எள்ளுப் பொட்டலம், ஜவுளிக்கடைப் பெயர் அச்சிட்ட மஞ்சப்பை இரண்டு. பெயர் பொறித்த பொதி! பூட்டில்லை, கதவில்லை. அக்கா தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மன்றம் கடலுக்குள் போகவில்லை. பலகைக்கு அடியில் போயிருக்கிறது. வருங்கால ஆய்வாளர், ஒரே ஜவுளிக்கடைக்காரர் இரண்டு மூட்டையோடு தர்ப்பணத்துக்கு வந்தார் என்று எழுதி முனைவர் பட்டம் பெறுவார். (முதன்மைச் சான்று: மாங்காய் பொதிந்த நோட்டுத் தாள், ஒன்பதாம் வகுப்புக் கணக்கு, பக்க எண் மிளகாய்த்தூளில் மறைந்தது, ஆசிரியரின் சிவப்புச் சுழி உரையாகக் கொள்ளத்தக்கது. ஒப்புநோக்குக: அதே நோட்டின் அடுத்த தாள், பக்கத்தில் நின்ற சிறுவன் கையில், தர மறுத்ததால் பாடபேதம் தெரியவில்லை. மூன்றாம் தாளை ஆடு தின்றது. எனவே அது மறைந்துபோன தமிழ் நூல்களில் ஒன்று. இக்கட்டுரையின் முக்கிய முடிவுகள் அனைத்தும் மூன்றாம் தாளிலிருந்தே எடுக்கப்பட்டவை.)

பையே வேண்டாம் என்ற எதிர்ப்பள்ளியும் இதே ஊரில்தான் தோன்றியது. கப்பல் வணிகராயிருந்த பட்டினத்தாருக்கு, வளர்ப்பு மகன் மருதவாணன் காதில்லாத ஊசி ஒன்றைப் பெட்டியில் விட்டுச் சென்றான் என்பது கதை. அத்தோடு கோவணத்துடன் கிளம்பிவிட்டார். சுமை விதியைப் பொறுத்தவரை எந்த விமான நிறுவனமும் அவரிடம் குறை காண முடியாது.

கோவலன் நிலை வேறு. மதுரை வரை நடை, ஆகவே பயணச் செலவில்லை. வழிகாட்டி கவுந்தியடிகள், கட்டணம் வாங்காதவர். எல்லாம் சரியாகத் திட்டமிட்டவர், கையில் எடுத்துப் போனது மட்டும் சில்லறை மாற்ற முடியாத சிலம்பு. புதிய ஊரில் பெரிய நோட்டை நீட்டுவதன் ஆபத்து பற்றி இதைவிட விரிவான தமிழ் நூல் இல்லை.

இக்கட்டுரையின் சுருக்கத்தை ஒரு கருத்தரங்குக்கு அனுப்பினேன். தேநீர் ஆறுவதற்குள் ஏற்பு வந்துவிட்டது. படித்தார்களா என்பது அதில் தெரியவில்லை. பதிவுக் கட்டணம், நூலாக்கக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம் எல்லாம் தனித்தனி. மதிய உணவு உண்டு, பயணப்படி இல்லை. கூட்டிப் பார்த்தேன். அந்தத் தொகையில் மயிலாடுதுறையிலிருந்து ஒரு குடும்பமே பூம்புகார் போய், கலைக்கூடம் பார்த்து, மாங்காயும் வறுத்த மீனும் தின்று, மணிபல்லவத்துக்குப் படகு இல்லாத ஏமாற்றத்தில் ஆளுக்கோர் இளநீரும் குடித்துவிட்டுத் திரும்பலாம். வீட்டில் பெண்கள் அதிகம் என்றால் மீன் இன்னொரு தட்டு.