காலை ஊன்றினால் ஒரு புள்ளி

கண்ணமங்கலம் வழியாக ஜவ்வாது மலைக்கு வண்டியை முறுக்கிக்கொண்டு போகும் வீரர்களிடம் ட்ரையல்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் விளையாட்டைப் பரிந்துரைத்தால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். அதில் வேகத்துக்கு மரியாதையே கிடையாது. பாறை, மரக்கட்டை, ஓடை என்று குறித்துவைத்த பாதையைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு முறை ஊன்றினால் 1 தண்டப்புள்ளி, இரண்டுக்கு 2, அதற்கு மேல் எத்தனை ஊன்றினாலும் 3, விழுந்தால் 5. குறைவாக வாங்கியவரே வெற்றியாளர். 2007 முதல் உலகப் பட்டங்களாகக் குவித்த ஸ்பெயின்காரர் டோனி போவின் வண்டியில் உட்கார ஒழுங்கான இருக்கைகூட இல்லை. இந்த விளையாட்டுப் பயிற்சியில், நின்றபடி வண்டியை மெதுவாகத் திருப்புவது ஆரம்பநிலை. இடைநிலை அதைவிடக் கொடுமை: அசையாத வண்டிமேல் சமநிலை காப்பது, கிளட்சை ஒற்றை விரலால் ஆள்வது, முன்சக்கரத்தைக் கட்டைமேல் ஏற்றிப் பின்சக்கரத்தையும் கொண்டுவந்து சேர்ப்பது. நம்மவர்களோ முதல் வாரம் ஓட்டக் கற்று, மறுவாரம் வீலி அடித்து, நேராக நிபுணர்களாகிவிடுகிறார்கள்; இடைநிலை என்ற ஊரில் அவர்கள் வண்டி நிற்பதில்லை.

‘நம் சாலையே ட்ரையல்ஸ் பாதைதானே, பள்ளமும் வேகத்தடையும் தினசரிப் பயிற்சி’ என்பார்கள். பயிற்சிதான்; ஆனால் பள்ளத்துக்குப் பள்ளம் இரண்டு காலையும் தொங்கவிட்டுத் தேய்த்துக்கொண்டு போகிறவருக்கு நடுவர் எப்போதோ 3 எழுதியிருப்பார். ‘அந்த வண்டிக்கு லட்சக்கணக்கில் ஆகுமே’ என்பது நியாயமான வாதம். ஆனால் அசையாமல் நின்று பழக அப்பாவின் பழைய சைக்கிளும் வீட்டு வாசலும் போதும். வீடியோ போட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது மட்டுமே குறை, வண்டிதான் நகர்வதில்லையே.