பாமரருக்கு ஒரு நாற்காலி

எந்தப் பெரியாஸ்பத்திரியிலும் நோயாளியிடம் வாங்காதது எதுவுமில்லை. உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் அப்பத்தா ரத்தம் கொடுக்கிறாள், சிறுநீர் கொடுக்கிறாள், ஆதார் நம்பரும் பேரனின் செல் நம்பரும் கொடுக்கிறாள், நீட்டிய தாளில் கைநாட்டும் வைக்கிறாள். ஆராய்ச்சி என்று வந்தால் அவளிடம் யாரும் வாங்காதது கேள்வி மட்டும்தான்.

அவளிடம் கேள்வி இல்லாமலா? “சுகருக்குச் சோத்தைக் குறைன்டு சொல்றீக. ரேசன்ல அரிசிதானப்பா போடுறாக, வேற என்னத்தத் திங்க?” மேலூரில் கல்லுடைத்தவர் கேட்கிறார்: “இந்த இருமல் டிபியா, தூசியா?” நூறு நாள் வேலைக்கு வெயிலில் நிற்கிறவளுக்குப் பிரஷர் மாத்திரையை எந்நேரம் போட்டால் தலை சுற்றாது என்று தெரிய வேண்டும். இவையெல்லாம் புலம்பல் கணக்கில் சேரும். ஆராய்ச்சிக் கேள்வி ஆங்கிலத்தில்தான் பிறக்கும் போல.

அதற்காக அரசு மக்களை மறந்துவிட்டது என்று பழி போடாதீர்கள். மருந்துப் பரிசோதனைகளுக்கான 2019 விதிகளின்படி, ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது 7 பேர் வேண்டும். அதில் ஒருவராவது பாமரர். என்ன தாராளம்! அந்தப் பாமரர் நாற்காலியில் உட்காரும்போது கேள்வி முடிவாகி, மருந்து முடிவாகி, பணமும் பேசியாகிவிட்டது. சம்மதப் படிவத்தின் தமிழ் புரிகிறதா என்று பார்த்துச் சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கலாம். பெண் பார்க்கக் கூப்பிடாமல், அட்சதை போட மட்டும் கூப்பிடுகிற மரியாதை.

அந்த மரியாதைகூட அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்துக்குக் கிடைக்கவில்லை. 2009-ல் அங்கே சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். பழங்குடிப் பிள்ளைகள் பலர். பல படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டார்கள். பெற்ற தாய்க்குத் தகவல்கூடத் தேவையில்லை என்று முடிவு செய்தவர்கள் படித்தவர்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அவ்வளவுதான்.

பிரிட்டனில் 2004-ல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு நோயாளியையும் மருத்துவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, முதலில் ஆராய வேண்டிய பத்துக் கேள்விகளை எடுக்கிறது. காரணம் உண்டு. முழங்கால் தேய்மானம் பற்றிய ஆராய்ச்சிகளில் பாதிக்கு மேல் மருந்தைச் சுற்றியே இருந்தன. நோயாளிகளில் மருந்தாராய்ச்சியைக் கேட்டவர்களோ சொற்பம். 2000-ல் இந்தக் கணக்கு வெளிவந்தது.

“நம்மூர் மக்களுக்கு என்னய்யா தெரியும்?” மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். 2025 ஜனவரியில் அதை எதிர்த்து மக்கள் ஊர் ஊராக மதுரைக்கு நடந்து வந்தார்கள். அதே மாதம் ஏலம் ரத்து. தன் மலைக்கு அடியில் இருப்பதைப் பற்றிப் பேசத் தெரிந்தவனுக்குத் தன் நெஞ்சுக்குள் இருப்பதைப் பற்றிக் கேட்கத் தெரியாதாம்!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒன்று செய்யட்டும். நிதி கேட்டு வரும் மனுவின் முதல் பக்கத்தில், இந்தக் கேள்வியை எந்த ஊரில், எந்த நோயாளிகளிடம் கேட்டு எடுத்தீர்கள் என்று எழுதச் சொல்லட்டும். அந்த இடம் காலியாக இருந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அது அப்பத்தாவின் வரிப்பணம்.