பேட்டரி போச்சுண்ணே!

மதுரை சிம்மக்கல்லில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் அது வண்டிக்காரனின் சொந்த விஷயமாக இருக்காது. வக்கீல் புதுத் தெரு முனையில் நான் செல்ஃப் பொத்தானை அழுத்துவேன். உள்ளேயிருந்து 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், டீ கிளாஸோடு நிற்பவர், கொய்யாப்பழத் தள்ளுவண்டிக்காரர், பஸ்ஸுக்கு நிற்கிற ரெண்டு கல்லூரிப் பையன்கள் என்று ஆள் கூடிவிடும். யாரும் வண்டியைத் தொடக்கூட மாட்டார்கள். தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள்: "பேட்டரி போச்சுண்ணே!"

எனக்கும் அதுதான் வசதி. வேறு எது போயிருந்தாலும் எது போனது என்று யோசிக்க வேண்டும். பேட்டரிக்கு அந்தத் தொந்தரவு இல்லை. பழசைக் கொடுத்தால் ஈயத்துக்கு ஒரு விலை போட்டுக் கழித்துக்கொள்வார்கள், மிச்சத்தைக் கட்டிவிட்டுக் காலரைத் தூக்கிக்கொண்டு வரலாம். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் அப்படித்தான் ஒன்று மாற்றினேன். அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்கும் திரும்பிவிட்டார். ஆடி முடியவில்லை, புதுப் பேட்டரியும் 'டக்' என்றது.

வீட்டம்மா வாசல்படியில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "ஏங்க, போன பேட்டரியும் செத்துச்சு, இதுவும் செத்துருச்சு. அதுக்குச் சோறு போடுறது யாரு? அதை யாராச்சும் பாத்தீங்களா?"

நான் பி.எஸ்ஸி. இயற்பியல். அந்தக் கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டும்.

அப்பா வைத்திருந்த மொபெட்டில் இந்தப் பிரச்சினையே இல்லை, ஏனென்றால் பேட்டரியே இல்லை. மேக்னட்டிலிருந்து நேராக லைட்டுக்கு ஒயர். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வெளிச்சம் வரும், விட்டால் மங்கும். ராத்திரியில் பள்ளம் வருகிறதே என்று வேகத்தைக் குறைத்தால் லைட்டும் சேர்ந்து குறைந்து பள்ளம் மறைந்துபோகும். பள்ளத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் வேகமாகப் போய் அதில் விழ வேண்டும். இப்போது என்னிடம் இருப்பது கிக்கரே இல்லாத வண்டி. பெட்ரோலைத் தெளிப்பதற்குக்கூட உள்ளே ஒரு கம்ப்யூட்டர். போதாததற்கு 2017 ஏப்ரல் 1 முதல் வருகிற புது இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடினால் முன்லைட் எரிந்தே ஆக வேண்டும் என்று சட்டம். வாங்கிய புதிதில் கோரிப்பாளையம் சிக்னல் போய்ச் சேர்வதற்குள் எதிரே வருகிற மதுரைக்காரர் அத்தனை பேரும் கையை மூடித் திறந்து 'லைட்டு, லைட்டு' என்று சைகை காட்டுவார்கள். ஒவ்வொருவரிடமும் நின்று சட்டம் விளக்க முடியாமல், நானும் கையை மூடித் திறந்து காட்டிவிட்டுப் போவேன். ஏதோ கட்சிச் சின்னம் என்று நினைத்திருப்பார்கள்.

பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. பிரான்சில் காஸ்டன் பிளாந்தே ஈய அமிலப் பேட்டரியைச் செய்து காட்டிய வருஷம் 1859. நம்ம வைகை ஏ.வி. பாலம் திறந்தது 1889-இல். பாலத்தைவிட முப்பது வயது மூத்த சாமான் அது. ரெண்டும் இன்றைக்கும் பாரம் சுமக்கின்றன, ரெண்டும் தினமும் திட்டு வாங்குகின்றன.

மாடி வீட்டு மாமா பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். பனியனோடு இறங்கி வந்தார். "மாப்ள, வண்டியை ஓட விட்டுட்டு பேட்டரி ஒயரைக் கழட்டு. என்ஜின் நின்னா சார்ஜ் வரலை, ஓடுனா வருது. ஒரே நிமிஷம்." டைனமோ காலத்தில் அப்படிப் பார்த்துத் தப்பித்தவர்கள் நிறைய பேர். இப்போதைய வண்டியில் ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால் வோல்டேஜ் எகிறிப் போய் அந்தக் கம்ப்யூட்டரே கருகலாம். பேட்டரி ஆயிரத்துச் சொச்சம், கம்ப்யூட்டருக்கு அதுபோலப் பல மடங்கு. "இருக்கட்டும் மாமா, மீட்டர் வாங்கிட்டு வந்துர்றேன்" என்று மீனாட்சி பஜார் பக்கம் நழுவினேன்.

கையில் மல்டிமீட்டர் வந்ததும் எனக்கு நடையே மாறிவிட்டது. முதலில் டி.வி. ரிமோட் செல்லை அளந்தேன். அப்புறம் கடிகாரம், டார்ச், பக்கத்து வீட்டுப் பையனின் பொம்மைக் கார். "வண்டி வெளியில நிக்குது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பேட்டரிக்குள் ஆறு அறை. அறைக்கு ரெண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. நிறைந்த பேட்டரி ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்தால் காலையில் 12.6-க்குக் குறையாமல் காட்ட வேண்டும். என்னுடையது 12.1. செல்ஃபை அழுத்தும்போது பத்துக்குக் கீழே விழக் கூடாது. இது எட்டுக்குப் போய்விட்டு வெட்கத்தோடு திரும்பி வந்தது. ஆனால் இதை வைத்துப் பேட்டரியின் மேல் பழி போட முடியாது. பட்டினி கிடந்தவன் பலவீனமாகத்தான் இருப்பான். கடையில் கொடுத்து ராத்திரி சார்ஜ் போட்டு வாங்கி மாட்டினேன். 12.7. வண்டி சட்டென்று எடுத்தது.

பரீட்சை இனிமேல்தான். ஓடுகிற வண்டியில் பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்து ஆக்ஸிலேட்டரைக் கூட்ட வேண்டும். நாலாயிரம், ஐயாயிரம் சுற்றில் எண் 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் போய் உட்கார்ந்தால் எல்லாம் சுகம். ஏறாமல் படுத்துக்கிடந்தால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டி எகிறினால் ரெகுலேட்டர் கையை விரித்துவிட்டது என்று அர்த்தம். பேட்டரி கொதிக்கும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பல்பு வரிசையாகப் போகும். என் வண்டியில் 12.9 வரை தயங்கித் தயங்கி ஏறி, முன்லைட்டோடு பிரேக் லைட்டும் எரிந்ததும் 12.5-க்கு இறங்கிவிட்டது. வருமானத்தைவிடச் செலவு அதிகம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மீட்டரே தேவையில்லை, மாசக் கடைசியில் என்னை நானே பார்த்தால் போதும்.

மெக்கானிக் தம்பி வந்தான். ஒரு பார்வை பார்த்தான். "ஆர்ஆர் யூனிட் போச்சுண்ணே!" சிம்மக்கல்லுக்கு ஒரு முன்னேற்றம், பேட்டரிக்குப் பதிலாக வேறொன்று போயிருக்கிறது.

ரெகுலேட்டரும் ரெக்டிஃபையரும் சேர்ந்த ஆர்ஆர் யூனிட் என்பது வரிவரியாகத் துடுப்பு வைத்த உள்ளங்கை அகல அலுமினியக் கட்டி. என்ஜினோடு சுற்றுகிற மேக்னட், நிலையாக இருக்கிற காயிலில் கரண்ட்டைக் கிளப்புகிறது. அது மூன்று மஞ்சள் ஒயரில் ஏசியாக வரும். அதை டிசியாக மாற்றுவது இந்தக் கட்டியின் முதல் வேலை. பதினாலு சொச்சத்தைத் தாண்டாமல் பிடித்து வைப்பது ரெண்டாவது. மிஞ்சுகிற கரண்ட்டை என்ன செய்கிறது? நிறைய வண்டிகளில் இருக்கிற ரகம், அதைத் திரும்பக் காயிலுக்குள்ளேயே சுற்றவிட்டுச் சூடாக்கித் தொலைத்துவிடுகிறது. சூட்டில் பங்கு இதற்கும் உண்டு. அதற்குத்தான் துடுப்பு, அதற்குத்தான் காற்றுப் படும் இடம். போன ஆயுத பூஜையில் அந்தத் துடுப்பு இடுக்குகளில் நான் குழைத்து அப்பிய சந்தனம் காய்ந்து ஓடாக அப்படியே இருந்தது.

புது யூனிட்டுக்குத் தம்பி சொன்ன விலையில் எனக்கு இயற்பியல் முழுவதும் ஞாபகம் வந்தது. "காயிலை முதல்ல பார்த்துருவோம்" என்றேன். இணைப்பைக் கழற்றி, மீட்டரை ஏசியில் வைத்து, மஞ்சள் ஒயர்களை இரண்டிரண்டாகப் பார்க்க வேண்டும். மூன்று ஜோடியிலும் ஒரே அளவு வர வேண்டும், ஆக்ஸிலேட்டரோடு ஏற வேண்டும். வந்தது, ஏறியது. என்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு மஞ்சள் ஒயருக்கும் பாடிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கக் கூடாது, இல்லை. காயில் உத்தமன். தம்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "நான்தான் அப்பவே சொன்னேன்லண்ணே, ஆர்ஆர்தான்."

டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவள் குனிந்தாள். "மூணு மஞ்ச ஒயர்ல ஒண்ணு மட்டும் ஏன் காப்பிக் கலர்ல இருக்கு?"

இணைப்பைத் திருப்பிப் பார்த்தோம். ஒரு பின் கருகி, பிளாஸ்டிக் உருகி, சுற்றிலும் பச்சைக் களிம்பு. தண்ணீர் உள்ளே போய்க் களிம்பு பிடித்து, தொடுப்பு தளர்ந்து, தளர்ந்த இடம் சூடாகி, சூட்டில் இன்னும் தளர்ந்திருக்கிறது. மூன்று ஒயரில் ஒன்று வேலைநிறுத்தம் செய்ய, மற்ற ரெண்டும் குடும்பத்தை இழுத்திருக்கின்றன. தண்ணீர் எப்படிப் போனது? ஆயுத பூஜைக்கு வாட்டர் சர்வீஸ் விட்டபோது, "அந்த இடுக்குல நல்லா அடிப்பா" என்று பக்கத்தில் நின்று சொன்ன ஆளை எனக்குத் தெரியும். அதற்குமேல் அவரைப் பற்றி இங்கே வேண்டாம்.

கருகியதை வெட்டிவிட்டுப் புது இணைப்பு போட்டு, களிம்பு ஏறாமல் வாசலின் தடவி, துடுப்பிலிருந்த சந்தனத்தையும் சுரண்டினான் தம்பி. ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். 14.2. பிரேக் லைட்டோடும் 14.2. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஒயரைக் கழட்டியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்" என்றார்.

ஆனாலும் இந்த வட்டாரத்துக் குடும்பஸ்தனின் பேட்டரிக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. மைய நூலகம், பழைய சொக்கநாதர் கோயில், கோனார் கடையில் கறி தோசை பார்சல், எல்லாம் கூப்பிடு தூரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்ஃப். ஸ்டார்ட்டுக்குக் கொடுத்த கரண்ட்டைத் திரும்ப வாங்கக் கொஞ்ச தூரமாவது விரட்டி ஓட்ட வேண்டும். வடக்கு மாசி வீதியில் எதை விரட்டுவது? வாரத்துக்கு ஒருநாள் அழகர்கோயில் ரோட்டில் நிறுத்தாமல் போய்வந்தால் நல்லது என்று தம்பி சொல்லியிருக்கிறான். வண்டிக்கு நல்லது என்று நான் வீட்டில் சொன்னேன். "நூலகத்துக்கு நடந்து போனா உங்களுக்கும் நல்லது" என்று பதில் வந்தது.

மீட்டரின் புகழ் தெருவில் பரவி, ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. 'டக்' என்றாலே "அண்ணன்கிட்ட காட்டுங்க" என்கிறார்கள். அளந்து பார்த்து, நெற்றியைச் சுருக்கி, தசமப் புள்ளியோடு சொல்கிறேன். எங்கள் வீட்டுக் காலிங் பெல் மட்டும் மூன்று மாசமாக அடிக்கவில்லை. வருகிறவர்கள் கதவைத் தட்டிவிட்டு, மீட்டர் அண்ணன் இருக்காரா என்று கேட்கிறார்கள்.