நடுவானில் இன்ஜினை நிறுத்துவது எப்படி?

குட்டி விமானத்தின் இன்ஜின் அடிக்கடி நின்றுபோகும் என்று நம்பி செஸ்னா 172 வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். அது லேசில் நிற்காது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குத் தாமே மின்சாரம் தரும் இரண்டு மேக்னெட்டோ. பேட்டரி செத்தாலும் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆகவே நீங்கள்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

சுலபமான வழி, பெட்ரோல் தீரும்வரை பறப்பது. அமெரிக்க விபத்து விசாரணை அறிக்கைகளில் அலுக்காமல் திரும்பத் திரும்ப வருவது இதுதான். இறக்கைமேல் எட்டி, மூடியைத் திறந்து, குச்சி விட்டு அளக்கும் பட்டிக்காட்டுப் பழக்கத்தை விடுங்கள். பெட்ரோல் மீட்டரின் முள் பாதியில் நிற்கிறதல்லவா? பாவம், போன வருஷத்திலிருந்து அங்கேயேதான் நிற்கிறது.

பெட்ரோல் வைத்துக்கொண்டும் நிறுத்தலாம். பைப்பர் செரோக்கி விமானத்தில் இடது டேங்கிலிருந்து வலதுக்குக் கையால்தான் மாற்ற வேண்டும். மறந்தால் போதும், ஒரு பக்கம் டேங்க் ததும்பத் ததும்ப வயலில் இறங்கிவிடலாம்.

புறப்படுமுன் டேங்கின் அடியிலிருந்து சின்னக் குவளையில் பெட்ரோல் பிடித்துப் பார்ப்பார்கள். வெளிர்நீலமாக இருக்கும். அடியில் நிறமில்லாமல் ஒரு முத்து உருண்டால் அது தண்ணீர். பார்க்காதீர்கள். தெரிந்துவிட்டால் சுவாரஸ்யம் போய்விடும்.

எனக்குப் பிடித்தது கார்புரேட்டர் பனி. இதற்குக் குளிர்காலம் வேண்டியதில்லை. 20 டிகிரியில் காற்று ஈரமாக இருந்தாலே கார்புரேட்டரின் தொண்டையில் பனி கட்டும், ஆர்பிஎம் சத்தமில்லாமல் இறங்கும். சூடான காற்றுக்கென்று கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குமிழ் உண்டு. இழுத்தால், உருகிய நீர் உள்ளே போய் இன்ஜின் முன்னைவிட மோசமாக இருமும். அந்த இருமலுக்குப் பயந்து குமிழை மறுபடி உள்ளே தள்ளுபவரே நம் முதல் மாணவர்.

தானாகவும் நிற்கும், மறுக்கவில்லை. 2015 மார்ச்சில் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு ஓட்டிய பழைய ரயன் விமானம், சாண்டா மோனிகாவில் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சக்தியிழந்தது. கார்புரேட்டருக்குள் மெயின் ஜெட் கழன்றிருந்தது. ஓடுபாதைக்குத் திரும்பிவிட நினைத்தவர், எட்டாது என்று கண்டதும் பக்கத்துக் கால்ஃப் மைதானத்தில் இறக்கினார். அடிபட்டது, பிழைத்தார். நம் பள்ளியில் அவருக்கு இடமில்லை.

மூவாயிரம் அடியில் நின்றால் செஸ்னா சுமார் 8 கிலோமீட்டர் மிதந்து வரும். நாலு நிமிஷம் இருக்கிறது. பின்சீட்டுக்கு அடியில் துழாவி செக்லிஸ்ட்டை எடுங்கள். சூடான காற்று, பெட்ரோல் வால்வு, மேக்னெட்டோ என்று வரிசையாக, நீங்கள் செய்யாமல் விட்டதெல்லாம் அதில் அச்சடித்திருக்கும்.