கச்சான் காற்றின் பழைய உத்தியோகம்

ஆடி மாதம் கல்முனைக்குள் நுழையும் கச்சான் காற்றுக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. மலையில் மழையை இறக்கிவிட்டு வெறுங்கையோடு வரும். தொண்டையைக் காய வைக்கும். மத்தியானத்தில் மனிசனை மனிசனோடு கொளுவி விடும். ஆயிரம் வருசத்துக்கு முன்னர் இதே காற்று மலைக்கு அந்தப் பக்கம் பெரிய உத்தியோகத்தில் இருந்தது. உருக்கு உலை ஊதியது. சம்பளம் இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

இடம், பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவெவ. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அங்கே குன்று விளிம்புகளில் மேற்கு முகமாய் உலை கட்டினார்கள். காற்று முன்சுவரைத் தாண்டும்போது மேலே அமுக்கம் குறையும். கீழ்க் குழாய்களால் புதுக்காற்று தானாகவே உள்ளே பாயும். துருத்திக்காரனுக்கு வேலை போயிற்று. தொல்லியலாளர் கில் ஜூலெஃப் இப்படி 77 உலைத்தளங்களைக் கண்டுபிடித்தார். வெறும் காற்றை நம்பி அவ்வளவு சூடு ஏற்ற முடியாது என்பது படித்தவர்களின் தீர்ப்பு. அவர் வாதாடவில்லை. 1994 இல் அதே மாதிரி உலை கட்டி, காற்று வரும்வரை காத்திருந்து, உயர்காபன் உருக்கை எடுத்துக் காட்டினார். 1996 இல் ‘நேச்சர்’ இதழ் அதை அச்சிட்டது.

பள்ளத்தாக்கில் அணை கட்டப் போனதால்தான் இந்த ஆய்வே நடந்தது. அந்த அணை 1992 இலிருந்து ஒழுகுகிறது. கட்டியவர்களிடம் பட்டம் இருந்தது.

சந்தைப்படுத்தலில்தான் நம்மாட்கள் கோட்டை விட்டார்கள். 9ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றி ஒரு நூலே எழுதி, செரந்தீப் உருக்கை, அதாவது இலங்கை உருக்கை, பெயர் சொல்லிக் குறித்தார். என்ன பலன்? தென்னிந்தியாவும் இலங்கையும் மண்மூசையில் இரும்பையும் ஆவாரைச் சிராயையும் போட்டு, வாயை அடைத்து, அனலில் மணிக்கணக்காய் வேகவைத்து எடுத்த சரக்குக்கு ‘டமாஸ்கஸ்’ என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டார்கள்.

1820 வாக்கில் இலண்டனில் விஞ்ஞானி மைக்கல் பரடே இந்த மூசை உருக்கைக் குடைந்து பார்த்து, அதன் இரகசியம் அலுமினாவிலும் சிலிக்காவிலும் இருக்கிறது என்றார். பிழைதான், பரடே என்பதால் மன்னிப்போம். மலிவான பிரித்தானிய உருக்கு கப்பலில் வந்ததும் நம் உலைகள் அணைந்தன. கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி மலைநாட்டில் மூசைச் செய்முறையை எழுதிவைத்தபோது, தொழில் தெரிந்தவர்கள் ஒருசிலரே மிஞ்சியிருந்தார்கள்.

பிறகு 2006 இல் ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் பீற்றர் பவுஃப்லர் குழுவினர் 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாளொன்றின் துணுக்கை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்தார்கள். உள்ளே காபன் நனோகுழாய்! ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் நனோமீற்றர். கொல்லன் அதைக் கண்ணால் கண்டதுமில்லை, அதற்கென்று நிதி கேட்டு விண்ணப்பம் போட்டதுமில்லை.

இன்று இப்படி நனோ அமைப்புள்ள உலோகத்தைச் சிறு அளவில் செய்ய ஆய்வுகூடங்களுக்குத் தெரியும். தொன் கணக்கென்றால் செலவைக் கேட்டே முதலாளி எழும்பிப் போய்விடுவார். 2008 இல் நம் நாடும் ஸ்லின்டெக் என்ற நனோ நிறுவனத்தைத் தொடங்கியது. நல்லது, நடக்கட்டும். சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞானம் படிக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலைய வேண்டாம். ஜூலெஃபின் கட்டுரையை வாசித்துவிட்டு உலை ஒன்று கட்டிப் பாருங்கள். காற்றுக்கு இன்னும் கட்டணம் வைக்கவில்லை.